நகச்சொத்தை ஆறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூஞ்சை பிடித்துச் சொத்தையான கால் பெருவிரல் நகத்துக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை முன்னால் நீட்டி, "தம்பி, கோர்ஸ் முடிஞ்சு போச்சு. நகம் அப்படியேதான இருக்கு?" என்பார்கள். மும்பையில், சயான் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் வருகிற நம் ஆட்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எங்களிடம் கேட்டுவிடுவார்கள். மழைக்காலம் முடிந்து அக்டோபர் வெயில் அடிக்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வி இன்னும் கூடும்.

அவர்கள் காட்டுவது நகத்தின் நுனியை. அது மஞ்சளாக, தடித்து, அடியில் மாவுபோலப் பொடி சேர்ந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்தபடியேதான் இருக்கும். பார்க்க வேண்டியது மறுமுனையை, அதாவது நகம் தோலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிற இடத்தை. குணமாவதன் முதல் அறிகுறி அங்கேதான் தெரியும். நுனி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மாறும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் கவலை போய்விடும், மருந்தை நடுவழியில் தூக்கிப் போடுகிற பழக்கமும் போய்விடும்.

நகம் வெளியேறும் விதம்

நம் கண்ணுக்குத் தெரிகிற நகம் உயிரில்லாதது. கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காக இறுகி உண்டான தகடு அது. தலைமுடியும் அதே பொருள்தான். அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. கையில் வெட்டுப்பட்டால் தோல் மூடிக்கொள்ளும். நகத்துக்கு அந்த வசதி கிடையாது. பூஞ்சை தின்று கெடுத்த பகுதி, பூஞ்சை செத்த பிறகும் கெட்டபடியேதான் இருக்கும். அது வளர்ந்து முன்னால் போய், ஒருநாள் நகவெட்டியில் விழ வேண்டும். வேறு வழியில்லை.

புது நகம் உருவாகிற இடம், நகம் தொடங்குகிற இடத்தை மூடியிருக்கிற அடித்தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. நக வேர் என்று சொல்லலாம். கட்டைவிரலில் தெரிகிற வெண்பிறை அந்த வேரின் வெளியே எட்டிப் பார்க்கிற ஓரம். அங்கே புதுச் செல்கள் உண்டாகி, கெட்டியாகி, பழைய நகத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு வைத்த மருதாணி உள்ளங்கையில் இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும், நகத்தில் மாதக் கணக்கில் நிற்கும். கொஞ்ச நாளில் நகத்தின் அடியில் சிவப்பில்லாத ஒரு பிறை தெரியும். போகப்போக அது பெரிதாகி, சிவப்பு நுனிப்பக்கம் ஒதுங்கி, கடைசியில் வெட்டுப்பட்டுப் போகும். நகச்சொத்தையும் இதே மாதிரிதான் வெளியேறுகிறது. மருதாணிச் சிவப்பு ஏன் இன்னும் நுனியில் இருக்கிறது என்று யாரும் மருதாணி வைத்தவரிடம் சண்டைக்குப் போவதில்லை. மாத்திரை எழுதிய டாக்டரிடம் மட்டும் போகிறார்கள்.

வேகம்தான் பிரச்சினை. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். கால் நகம் அதில் பாதிகூட எட்டுவது சந்தேகம். மாதம் 1 முதல் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எனவே ஒரு கை நகம் முழுதாகப் புதுப்பிக்கப்பட சுமார் 6 மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் மெதுவாகும். தடித்துப்போன சொத்தை நகம், நல்ல நகத்தைவிட மெதுவாக வளர்வதும் உண்டு. அறுபது வயதுக்காரர் ஒருவர், காலேஜில் படிக்கிற தன் பேரனின் நகத்தோடு தன் நகத்தை ஒப்பிட்டு மனம் நொந்துபோவதில் அர்த்தமில்லை.

முதலில் தெரிகிற மாற்றங்கள்

கால் நகச்சொத்தையில் மிகச் சாதாரணமாகக் காண்கிற வகை, நுனியிலோ பக்கவாட்டு ஓரத்திலோ தொடங்கி, நகத்துக்கும் அதன் கீழே உள்ள சதைக்கும் நடுவே அடியை, அதாவது வேர்ப்பக்கத்தை, நோக்கி ஊர்ந்து வருகிற வகை. பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சையின் வேலை. விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாகக் குடியிருந்து, பிறகு நகத்துக்கு ஏறும். இந்த வகையில் நகத்தின் அடிப்பகுதி ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். கெட்ட பகுதி அடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் நோய் முன்னேறுகிறது. அது நின்று, நுனியை நோக்கித் திரும்பினால் குணமாகிறது. எல்லாம் நல்ல பகுதியையும் கெட்ட பகுதியையும் பிரிக்கிற எல்லைக்கோடு எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது.

அந்தக் கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது எல்லை ஒழுங்கற்று, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கீற்றுகள் அடியை நோக்கி நீண்டு, ரம்பப் பல் மாதிரி இருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் கீற்றுகள் நீள்வது நின்றுபோகும். அடியிலிருந்து வருகிற நகம் வழவழப்பாக, மெல்லியதாக, கீழே உள்ள சதையின் இளஞ்சிவப்பைக் காட்டிக்கொண்டு வரும். பழையதும் புதியதும் சந்திக்கிற இடம் வகிடு எடுத்தாற்போலத் துலங்கும். சில நாட்களில் அந்த இடத்தில் ஒரு படி இருப்பது விரலால் தடவினாலே தெரியும்: அடியில் தாழ்ந்த புது நகம், முன்னால் உயர்ந்து தடித்த பழைய நகம்.

நகம் முழுக்கக் கெட்டிருந்தவர்களுக்கு அடியில் முதல் கீற்று தெரிவதற்கே காலம் பிடிக்கும். வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், இன்று உண்டான நல்ல நகம் வெளியே தலைகாட்டவே காலில் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கையில் சுமார் ஒன்றரை மாதம். அதற்குள் "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டுவது அவசரம்.

மற்ற மாற்றங்கள் இதன் பின்னாலேயே வரும். நகத்துக்கு அடியில் சேர்கிற பொடி குறையும். வெட்டும்போது உடைந்து சிதறாமல் ஒரே துண்டாக வெட்டுப்படும். ஷூவுக்குள் பெருவிரல் அழுத்துகிற வலி போகும். சாக்ஸைக் கழற்றும்போது வருகிற வாடை தணியும், ஆனால் வாடைக்குக் காரணம் பல என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் புது நகம் சதையோடு ஒட்டி வருவதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்கெனவே பிரிந்த பகுதி திரும்ப ஒட்டாது. புதிதாக வருகிற நகம் ஒட்டியபடியே வரும். வருகிற நகம் நல்ல நிறமாக இருந்தும் தூக்கிக்கொண்டே வந்தால், பூஞ்சையைத் தவிர வேறு ஏதோ ஒன்று கூட இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

மாத்திரை நின்ற பிறகும் மருந்து நிற்பதில்லை

இந்த இடத்தில்தான் நம் மக்களுக்குக் குழப்பம் அதிகம். கால் நகச்சொத்தைக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது டெர்பினாஃபின் 250 மி.கி., தினமும் ஒன்று, 12 வாரம். கை நகத்துக்கு 6 வாரம். இட்ராகோனசோல் என்றால் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டு, மூன்று வாரம் இடைவெளி விட்டு, மறுபடி ஒரு வாரம் என்று எழுதுவதும் உண்டு. கை நகத்துக்கு இரண்டு சுற்று, கால் நகத்துக்கு மூன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருவிரல் நகத்தின் நீளம் தோராயமாக 15 மி.மீ. என்றால், 12 வாரத்தில் அது வளர்ந்திருப்பது அதிகம் போனால் 4 மி.மீ. அளவுக்குத்தான். அதாவது மாத்திரை முடிகிற நாளில் நகத்தில் கால்வாசி மாறியிருந்தாலே அது சரியான பாதையில் போகிறது. மீதி முக்கால்வாசி பழைய சரக்கு. அதைப் பார்த்துவிட்டு "மருந்து பலிக்கவில்லை, இன்னும் ஒரு பட்டை கொடு" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்க மாட்டேன்.

12 வாரத்தோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்துகள் ரத்தத்தின் வழியாக நக வேருக்கும் நகத்தின் கீழே உள்ள சதைக்கும் போய், நகத்தின் கெரட்டினிலேயே படிந்துவிடுகின்றன. மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக் கணக்கில் நகத்துக்குள் தங்கிப் பூஞ்சையைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஆகையால் மாத்திரை நின்ற பிறகுதான் நகத்தின் தோற்றம் அதிகம் மாறும். நான்காம் மாதத்தைவிட எட்டாம் மாதம் நன்றாக இருக்கும், எட்டைவிடப் பன்னிரண்டு நன்றாக இருக்கும். டாக்டர் இடையில் ஒருமுறை வரச் சொல்லியிருந்தால், அந்தச் சமயத்தில் நல்ல பகுதி நீண்டிருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்.

மாத்திரை காலத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கல்லீரல் நிலையை அறிய ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். சிறுநீர் அடர் நிறமாகப் போவது, கண் மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, நாக்கில் ருசியே தெரியாமல் போவது, உடம்பில் தடிப்பு வருவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொலஸ்ட்ரால் மாத்திரை உட்பட வேறு பல மருந்துகளோடும் அது மோதும். ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டாமல் இதைத் தொடங்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதை வாங்கிச் சாப்பிடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நகத்தின் மேல் தடவுகிற நகப்பூச்சு மருந்து, அதாவது லாக்கர், மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு எல்லாம் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். அமோரோல்ஃபின் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, சிக்ளோபிராக்ஸ் தினமும். கால் நகத்துக்கு ஒரு வருடம்வரை போகும். நகத்தில் பாதிக்கும் குறைவாகவே கெட்டிருந்து, வேர் தொடப்படாமல் இருந்தால் இது பலன் தர வாய்ப்பு அதிகம். முழு நகமும் கட்டையாகிவிட்ட பிறகு மேலே மட்டும் தடவிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. மருந்து அந்தத் தடிமனைத் தாண்டி உள்ளே போவதில்லை. அதனால்தான் டாக்டர் முதலில் நகத்தைத் தேய்த்து மெலிதாக்குகிறார், அல்லது 40 சதவீத யூரியா கிரீம் போட்டு மென்மையாக்கி வெட்டுகிறார். அப்படித் தேய்க்கிற அரத்தை நல்ல நகத்தில் வைக்காதீர்கள்.

கண்ணை நம்பாதீர்கள், போட்டோவை நம்புங்கள்

தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாதம் ஒரு மில்லிமீட்டர் தெரியாது. மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொண்டு, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். சம்பள நாள் ஞாபகம் இருக்கும், அதையே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு சிறிய ஸ்கேலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. அளக்கும்போது அடித்தோலிலிருந்து எல்லைக்கோடு வரை அளங்கள். நுனியிலிருந்து அளந்தால் நகம் வெட்டிய ஒவ்வொரு முறையும் கணக்கு மாறிவிடும். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மூன்று மாதம் தள்ளி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

சில தோல் டாக்டர்கள் எல்லைக்கோடு இருக்கிற இடத்தில் நகத்தின் மேல் லேசாக ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். நகம் வளரும்போது கீறலும் முன்னால் போகும். அடுத்த தடவை பார்க்கும்போது கெட்ட பகுதி கீறலுக்கு முன்னாலேயே நின்றால் நோய் நின்றுவிட்டது. கீறலைத் தாண்டி அடிப்பக்கம் வந்திருந்தால் பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறது. எளிமையான, செலவில்லாத சோதனை. வீட்டில் பிளேடால் நீங்களே போட வேண்டாம்.

கவனித்துக்கொண்டிருக்கிற காலத்தில் நகப்பாலிஷும் மருதாணியும் அந்த விரலில் வேண்டாம். பார்க்க வேண்டியதை அவை மறைத்துவிடும். விசேஷம் வந்தால் மற்ற விரல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குணமானது போலத் தெரிவதும், ஆகாதது போலத் தெரிவதும்

பார்லரில் பெடிக்யூர் செய்து, நகத்தைத் தேய்த்து, ஓட்டக் கத்தரித்துவிட்டால் கால் பளிச்சென்று இருக்கும். அது வைத்தியம் ஆகாது. எல்லைக்கோடு நகர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். ஷூ போடாமல் வீட்டில் இருந்த விடுமுறை நாட்களில் அரிப்பும் வாடையும் குறைவதும் இப்படித்தான், பூஞ்சை அடங்கியிருக்கிறதே தவிர ஓடிவிடவில்லை. வினிகரில் ஊறவைத்து, நகத்தின் மேல் மஞ்சள் கறை வெளுத்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் உண்டு. வெளுத்தது மேற்பரப்பு. எலுமிச்சம்பழத்தில் விரலைச் சொருகுவது நகச்சுத்திக்கு நம் ஊரில் செய்கிற கைவைத்தியம், நகச்சொத்தைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதற்கு நேர்மாறாகவும் ஆகும். தடித்த பழைய நகம் ஒருநாள் பாதியில் உடைந்து கையோடு வரும். பார்க்கிறவர் பதறிப்போவார். அடியில் புது நகம் ஆரோக்கியமாக வந்துகொண்டிருந்தால் அது நல்ல சேதி. லாக்கர் போடுகிறவர்களுக்கு நகத்தின் மேல் மங்கலான ஒரு படலம் தெரியும். மருந்து காய்ந்து படிந்தது அது. அப்புறம், கூட்டமான லோக்கல் ரயிலில் யாராவது பெருவிரலை மிதித்துவிட்டால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பும் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து வெளியேறிவிடும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற கறுப்போ, அடியிலிருந்து நுனிவரை கோடாக ஓடி அகலமாகிக்கொண்டே போகிற கறுப்போ, பக்கத்துத் தோலிலும் பரவுகிற கறுப்போ தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அபூர்வமாக அது நகத்தடிப் புற்றாக இருக்கலாம்.

பூஞ்சை போவதும் நகம் அழகாவதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். டாக்டர்கள் இவற்றைப் பிரித்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். அமெரிக்காவில் டெர்பினாஃபின் மாத்திரையோடு வருகிற மருந்துக் குறிப்பில் கால் நகத்துக்கான சோதனை முடிவு இருக்கிறது: 12 வாரம் சாப்பிட்டவர்களில் 70 சதவீதம் பேருக்குப் பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தது, பூஞ்சையும் போய் நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38 சதவீதம். பூஞ்சை போயும் நகம் தெளியாதவர்களில் சிலருக்கு நகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. சிலருக்குப் பல வருட நோயில் நகமும் அதன் கீழே உள்ள சதையும் உருமாறிப்போய், பூஞ்சை போன பிறகும் கொஞ்சம் தடிப்பும் கோணலும் மிச்சமிருக்கும். இருபது வருடமாக இறுக்கமான ஷூவில் நின்று வேலை பார்த்தவரின் பெருவிரல் நகத்திடம் பதினாறு வயது நகத்தின் மினுமினுப்பைக் கேட்க முடியாது. அதற்காக மறுபடி மறுபடி மாத்திரை சாப்பிடுவதிலும் நியாயமில்லை.

பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகம் வந்தால் சோதனை இருக்கிறது. நகத்துக்கு அடியில் சுரண்டிய பொடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கே.ஓ.எச். என்று சீட்டில் எழுதியிருக்கும், அன்றே முடிவு தெரிய வாய்ப்புண்டு. வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். வெட்டிய நகத் துண்டைச் சாயமேற்றிப் பார்க்கிற முறையும் உண்டு. சயானிலும் பரேலிலும் இருக்கிற பெரிய மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் செலவு குறைவு. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மைக்ராஸ்கோப்பில் செத்த பூஞ்சையும் தெரியும். சிகிச்சை முடிந்த உடனே எடுத்தால் குழப்பமான பதில் வரலாம். எப்போது எடுப்பது என்று டாக்டரே சொல்லட்டும்.

ஆறவில்லை என்றால்

நான்கைந்து மாதம் ஆகியும் அடியில் நல்ல நகமே தலைகாட்டவில்லை, அல்லது வந்த நல்ல பகுதியில் மறுபடி மஞ்சள் கீற்று இறங்குகிறது, அல்லது பக்கத்து விரலிலும் தொடங்குகிறது என்றால் திரும்பப் போய்க் காட்டத்தான் வேண்டும். காரணம் பலவாக இருக்கும்.

முதலாவது, அது பூஞ்சையாகவே இல்லாமல் இருக்கலாம். உருக்குலைந்து காண்கிற நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸ் என்ற தோல் நோய் நகத்தையும் இதே மாதிரி தடிக்க வைக்கும், மஞ்சளாக்கும், தூக்கிவிடும். குண்டூசியால் குத்தியது போலச் சிறுசிறு குழிகள் இருந்தால், முழங்கையிலோ தலையிலோ செதில் உதிர்கிற திட்டு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓயாமல் ஷூவில் இடிபடுகிற நகமும் இப்படி ஆகும். பரிசோதனை செய்யாமலே மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுவது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

இரண்டாவது, பூஞ்சை ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டுவிடுவது. நகத்துக்குள் நீளவாக்கில் கெட்டியான மஞ்சள் பட்டை ஒன்று தெரியும், மற்ற இடமெல்லாம் தெளிந்தாலும் அது மட்டும் அசையாது. மருந்து அதற்குள் போவதில்லை. அந்தப் பகுதியை டாக்டர் வெட்டி எடுத்தால்தான் வழி பிறக்கும்.

மூன்றாவதை நம் நாட்டின் தனிச் சொத்து என்றே சொல்லலாம். ஒரே டியூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் கலந்த கிரீமைப் படர்தாமரைக்குத் தாங்களே வாங்கிப் பூசுவது. அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். கூடவே, டெர்பினாஃபினுக்கு அசையாத படர்தாமரை இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவை வைத்தே பெயர் சூட்டினார்கள். அது பெரும்பாலும் தோலில்தான் வருகிறது. ஆனால் தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரை இருந்து நகமும் கெட்டிருந்தால், இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். கூச்சப்பட்டு ஒன்றை மறைத்தால் மற்றதும் ஆறாது.

சர்க்கரை உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தாங்களே காத்திருக்க வேண்டாம். தடித்த நகம் பக்கத்துச் சதையைக் குத்திப் புண்ணாக்கும், உணர்ச்சி மங்கிய காலில் அது தெரியவும் தெரியாது. அந்த நகத்தை வீட்டில் வெட்டாமல் டாக்டரிடமே விடுவது நல்லது. சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே போக வேண்டும்.

கை நகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாராவியில் விடியற்காலை எழுந்து மாவரைத்து இட்லி வியாபாரம் செய்கிற அக்காக்களிடம் நான் பார்ப்பது வேறு வகை. நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கிற கையில் முதலில் நகத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கிச் சிவக்கும், அடித்தோல் நகத்தைவிட்டு விலகும், அப்புறம் நகம் பக்கவாட்டிலிருந்து நிறம் மாறி, குறுக்கே மேடு பள்ளமாகும். இதில் கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை இருப்பது சகஜம். இங்கே குணமாவதை நகத்தில் தேடுவதற்கு முன் தோலில் தேட வேண்டும். வீக்கம் வற்றி, அடித்தோல் மறுபடி நகத்தோடு ஒட்டிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்குப் பிறகு வருகிற நகம் தானாகவே சமமாக வரத் தொடங்கும். கை ஈரத்திலேயே கிடந்தால் எந்த மருந்தும் நிற்காது. உள்ளே பருத்தித் துணிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை என்று போட்டுக்கொள்ளச் சொல்வேன். "அதைப் போட்டுட்டு மாவு பதம் எப்படிப்பா தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயம்தான். பாத்திரம் துலக்கும்போதாவது போடுங்கள், மற்ற நேரம் கையைத் துடைத்துக் காயவிடுங்கள் என்பதோடு விட்டுவிடுவேன்.

ஆறிய நகத்தைக் காப்பது

நன்றாக ஆன பிறகும் நாலில் ஒருவருக்காவது திரும்ப வருகிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் காயாது. கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தேங்கிய தண்ணீரில் நடந்து, அதே ஷூவோடு ரயிலில் நின்று, ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மழைக்கு ரப்பர் செருப்பில் போய், ஆபீசில் காலைத் துடைத்துவிட்டு உலர்ந்த ஷூவுக்கு மாறுவது எளிய ஏற்பாடு. ஒரே ஷூவை நாள்தோறும் போடாமல் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று காய நேரம் கிடைக்கும். நோய் இருந்த காலத்தில் வியர்வையில் ஊறிய பழைய ஷூவைப் புது நகத்தோடு மறுபடி மாட்டுவதற்குத் தூக்கி எறிவதே மேல். மனம் வராவிட்டால் பூஞ்சை கொல்லிப் பவுடரையாவது தூவிக் காயவிடுங்கள். சாக்ஸை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், வெயில் வந்தால்.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீடுகளில் ஒரே துண்டும் ஒரே குளியல் தரையும்தான். வீட்டில் யாருக்காவது சேற்றுப்புண்ணோ படர்தாமரையோ இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காமல் ஒருவர் நகம் மட்டும் சுத்தமாக நிற்காது. நகவெட்டியைத் தனியாக வைத்துக்கொள்வது அதிகச் செலவில்லாத காரியம்.

திரும்ப வருவது பெரும்பாலும் விரலிடுக்கில்தான் தொடங்கும், அதிலும் நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில். தோல் வெளுத்து, ஊறி, உரிய ஆரம்பித்தால் அன்றைக்கே அதற்கான கிரீமைத் தொடங்கி, மருந்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை பூசுங்கள். அரிப்பு நின்றதும் விட்டுவிடாதீர்கள், சொன்ன நாள் முடியட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது, கால் கழுவித் துடைக்கும்போது அந்த இடுக்கை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.